எனக்கு ஆள் வேணாம், மாடிப்படில கைப்பிடி வேணும்: எங்க குடியிருப்பு கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

கமிட்டி தலைவர், செகரட்டரி, மெம்பர்கள் எல்லாருக்கும்,

போன வாரம் என் கதவுக்கு அடியில ஒரு சர்க்குலர் தள்ளிட்டு போயிருந்தீங்க. குனிஞ்சு அதை எடுக்கறதுக்கே ஒரு கையால சுவரைப் பிடிச்சுக்க வேண்டியிருந்துச்சு, அதையும் முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா எதையும் மறைச்சு வெச்சுட்டு பேச நான் வரல. 75 வயசு தாண்டி தனியா இருக்கறவங்க ரெண்டு மாசத்துக்குள்ள ஒண்ணு பிள்ளைங்க கையெழுத்து போட்ட பொறுப்புக் கடிதம் குடுக்கணும், இல்லேன்னா 24 மணி நேரமும் கூட இருக்க ஆள் வெச்சுக்கணும், அதுவரைக்கும் மாடிப்படில தனியா ஏறி இறங்கக் கூடாதுன்னு போட்டிருக்கீங்க. காரணம் "சமீபத்தில் நடந்த சம்பவம்"னு ஒரு வரி. அந்த சம்பவம் நான்தான். ரெண்டாவது மாடி, 78 வயசு, படில விழுந்தவ. பேர் போடலேன்னாலும் படிச்ச அத்தனை பேருக்கும் தெரியும், அதனால பதிலையும் எல்லாரும் படிக்கற மாதிரியே எழுதறேன்.

அன்னிக்கு நடந்தது என்னன்னு என்கிட்ட யாரும் கேக்கல. செகரட்டரி தம்பி ஆஸ்பத்திரிக்கு வந்து பாத்துட்டு போனார், அந்த அக்கறையை நான் மறக்க மாட்டேன், ஆனா அவரும் "ஏம்மா தனியா இறங்கினீங்க"ன்னுதான் கேட்டாரே தவிர "எப்படி விழுந்தீங்க"ன்னு கேக்கல. இப்ப சொல்றேன். லிஃப்ட் சர்வீஸ்னு குரூப்ல மெசேஜ் வந்தது காலைல 11.40க்கு, லிஃப்ட் நின்னது 12 மணிக்கு. எனக்கு பிரஷர் மாத்திரை முந்தின நாளே தீந்துடுச்சு. சரி மெதுவா இறங்கலாம்னு இறங்கினேன். ரெண்டாவது மாடிக்கும் முதல் மாடிக்கும் நடுவுல படி திரும்பற இடத்துல பல்ப் எரியல. அதை நான் கம்ப்ளெயின்ட் புக்ல 3ஆம் தேதி எழுதினேன், மறுபடி 9ஆம் தேதி எழுதினேன், விழுந்தது 14ஆம் தேதி, புக்கை எடுத்துப் பாருங்க, என் கையெழுத்து இருக்கும். அந்த லேண்டிங்ல ஜன்னல் இருக்கு, ஆனா அதுக்கு முன்னாடி யாரோ பழைய பீரோ ஒண்ணை நிறுத்தி வெச்சிருக்காங்க, பகல் வெளிச்சமும் வராது. படி மொத்தமும் ஒரே சாம்பல் கலர், எது படியோட விளிம்பு எது அடுத்த படின்னு எனக்குத் தெரியல. கடைசி படி முடிஞ்சுடுச்சுன்னு நெனச்சு கால் வெச்சேன், இன்னும் ஒரு படி இருந்துச்சு. அந்த நொடில என் இடது கை சுவர்ல எதையோ தேடுச்சு. அங்க ஒண்ணும் இல்ல, வழவழன்னு டைல்ஸ்தான்.

அந்த இடத்துல ஒரு கைப்பிடி வெச்சுக் குடுங்கன்னு ஒன்றரை வருஷத்துக்கு முன்னாடி முதல் லெட்டர் குடுத்தேன். ஆறு மாசம் முன்னாடி ரெண்டாவது லெட்டர். ரெண்டாவதுக்கு பதில் வந்துச்சு: டைல்ஸ்ல ஓட்டை போட முடியாது, பாக்க ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும். அந்த பேப்பர் இன்னும் என்கிட்ட இருக்கு.

நான் 34 வருஷம் வார்டுல நர்ஸா இருந்தவ. விழுந்த உடனே எந்திரிக்கக் கூடாது, முதல்ல கால் இடுப்பு எல்லாம் அசையுதான்னு பாக்கணும்னு தெரியும். பாத்தேன், இடுப்பு தப்பிச்சுது, மணிக்கட்டுதான் போயிடுச்சுன்னு புரிஞ்சுது. குரல் குடுத்தேன், மத்தியானம், யாரும் இல்ல. அப்புறம் உக்காந்த மேனிக்கே பின்பக்கமா, ஒரு கையை ஊனி ஒவ்வொரு படியா மேல ஏறினேன். ஒன்பது படி. நாப்பது நிமிஷம் ஆச்சு. என் வீட்டு வாசல்ல வந்து ஷூ ராக்கைப் பிடிச்சு முட்டி போட்டு எந்திரிச்சு, கதவைத் திறந்து, போனை எடுத்து நானேதான் ஆம்புலன்ஸுக்கு கூப்பிட்டேன். தனியா இருக்க லாயக்கில்லாதவங்கன்னு என்னைப் பத்தி மீட்டிங்ல முடிவு பண்ணும்போது இந்த நாப்பது நிமிஷத்தையும் கணக்குல எடுத்திருக்கணும்.

விழறதை ஏதோ என்னோட தனிப்பட்ட அஜாக்கிரதைன்னு வெச்சுத்தான் சர்க்குலர் எழுதியிருக்கீங்க. உலக சுகாதார நிறுவனம் 2007ல போட்ட அறிக்கைல 65 வயசு தாண்டினவங்கள்ல வருஷத்துக்கு 28ல இருந்து 35 சதவீதம் பேர் விழறாங்கன்னு இருக்கு, 70 தாண்டிட்டா 32ல இருந்து 42. நம்ம கட்டடத்துல 70 தாண்டினவங்க 14 பேர் இருக்கோம். அந்தக் கணக்குப்படி பாத்தா வருஷத்துக்கு நாலஞ்சு பேராவது எங்கயாவது விழத்தான் செய்வோம். உங்க காதுக்கு வர்றதில்ல, அவ்வளவுதான். என் தளத்துலயே ஒருத்தர் பாத்ரூம்ல விழுந்து தோள் பூரா கன்னிப் போய் மூணு வாரம் முழுக்கை சட்டையே போட்டுட்டு நடமாடினார், என்கிட்ட மட்டும் காமிச்சு "வெளிய சொல்லிடாதீங்க சிஸ்டர்"னு கேட்டுக்கிட்டார். ஏன் மறைச்சார்? பிள்ளைங்களுக்கு தெரிஞ்சா வீட்டை பூட்டிட்டு கூட்டிட்டுப் போயிடுவாங்கன்னு பயம். இப்ப உங்க சர்க்குலரும் சேந்துடுச்சு. இனிமே விழறவங்க இன்னும் அதிகமா மறைப்பாங்க. தலைல அடிபட்டும் சொல்லாம இருப்பாங்க, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறவங்க அப்படி மறைச்சா என்ன ஆகும்னு நான் வார்டுல பாத்திருக்கேன், தயவு செஞ்சு அந்த நிலைமைக்கு தள்ளாதீங்க.

ஆள் வெச்சுக்கோங்கன்னு சொல்றது உங்களுக்கு பாதுகாப்பா தெரியுது. எனக்கு ஏன் அது பயமா இருக்குன்னு விளக்கிச் சொல்லணும், இது நான் யார்கிட்டயும் சொல்லாத விஷயம்.

என் வீட்டுக்காரருக்கு பக்கவாதம் வந்து வலது கை பாதி போயிடுச்சு. ஆஸ்பத்திரில இருந்து வந்தப்போ அவரே சட்டை போட்டுக்குவார். பட்டன் போட ரொம்ப நேரம் ஆகும். கட்டில் ஓரத்துல உக்காந்து, இடது கையால துணியை இழுத்துப் பிடிச்சு, வலது கை கட்டை விரலால பட்டனைத் தள்ளுவார், அது நழுவும், மறுபடி தள்ளுவார், நெத்தி வேர்க்கும், உதட்டைக் கடிச்சுக்குவார். அஞ்சு பட்டனுக்கு ஒரு தடவை கடிகாரத்தைப் பாத்தேன், 11 நிமிஷம். பிசியோதெரபி கிளாசுக்கு நேரமாச்சு, கீழ வண்டி நிக்குது. நான் போய் கையைத் தள்ளிட்டு போட்டு விட்டுட்டேன். பத்து செகண்ட்ல வேலை முடிஞ்சுது. மறுநாளும் போட்டு விட்டேன். அப்புறம் அதுவே பழக்கம் ஆயிடுச்சு, அவரும் சும்மா கையைத் தொங்க விட்டு உக்காந்துட்டார். ரெண்டு மாசம் கழிச்சு ஒரு நாள் எனக்கு காய்ச்சல், நீங்களே போட்டுக்கோங்கன்னு சொன்னேன். அவரால முதல் பட்டனைக் கூட பிடிக்க முடியல. என்னைப் பாத்தார். ஒண்ணும் சொல்லல. பாசத்துலதான் செஞ்சேன், அவசரத்துலதான் செஞ்சேன், அந்த 11 நிமிஷம் அவருக்கு சொந்தமானதுன்னு நர்ஸா இருந்த எனக்கே அன்னிக்கு தோணல. அதுக்கப்புறம் ஒவ்வொண்ணா போச்சு, ஷேவிங் போச்சு, ஸ்பூன் பிடிக்கறது போச்சு. நோய் எடுத்துக்கிட்டது எவ்வளவு, நான் எடுத்துக்கிட்டது எவ்வளவுன்னு இன்னிக்கு வரைக்கும் என்னால பிரிச்சு சொல்ல முடியல.

அதனாலதான் 24 மணி நேர ஆள்னு படிச்சதும் எனக்கு கை நடுங்குச்சு. வர்ற பொண்ணு நல்ல பொண்ணாவே இருக்கட்டும், அவளுக்கு சம்பளம் குடுக்கறது வேலை செய்யத்தான், நான் எந்திரிக்கறதுக்கு முன்னாடி அவ எந்திரிச்சு செஞ்சுடுவா, நான் ஒரு டம்ளர் எடுக்கப் போனா "உக்காருங்கம்மா"ம்பா. உக்காந்தே இருந்தா என்ன ஆகும்? 2007ல வெளியான ஒரு அமெரிக்க ஆராய்ச்சில, சராசரியா 67 வயசு, எந்த நோயும் இல்லாத 12 பேரை பத்து நாள் படுக்கைலயே இருக்க வெச்சாங்க. பத்தே நாள்ல ரெண்டு கால்லயும் சேத்து கிட்டத்தட்ட ஒரு கிலோ தசை குறைஞ்சு போச்சு. அவங்க ஆரோக்கியமானவங்க. என் வார்டுல நிமோனியான்னு நடந்து வந்து சேந்தவங்க, நிமோனியா சரியாகி, வீல்சேர்ல வீட்டுக்குப் போனதை நான் எத்தனையோ தடவை பாத்திருக்கேன். விழுந்துடுவாங்கன்னு பயந்து நாங்களே பெட் ஓரத்துல கம்பியை ஏத்தி விட்டு படுக்க வெச்சிருப்போம். விழாம பாத்துக்கிட்டோம், நடக்கறதையும் சேத்தே நிறுத்திட்டோம்.

இந்த மாடிப்படி எனக்கு வெறும் வழி இல்ல. லிஃப்ட் ஓடற நாள்லயும் தினமும் ஒரு மாடியாவது இறங்கி ஏறுவேன், அதுதான் என் காலுக்கு இருக்கற ஒரே கசரத். வயசானா பலம் திரும்பி வராதுன்னு நிறைய பேர் நெனச்சுட்டு இருக்கீங்க. 1990ல வெளியான ஒரு ஆராய்ச்சில முதியோர் இல்லத்துல இருந்த 86ல இருந்து 96 வயசு வரைக்கும் ஆனவங்களுக்கு எட்டு வாரம் காலால எடை தூக்கற பயிற்சி குடுத்தாங்க. தொடை பலம் சராசரியா 174 சதவீதம் ஏறுச்சு. தொண்ணூறு வயசுல! நான் இன்னும் 78தான். என்னை படியில இறங்காதேன்னு சொல்றது, நான் அடுத்த வருஷம் பாத்ரூம் வரைக்கும் போக முடியாம ஆகறதுக்கு இன்னிக்கே தேதி குறிக்கற மாதிரி.

எனக்கு எல்லாம் முடியும்னு வீம்புக்கு சொல்லல. என்ன முடியும் என்ன முடியாதுன்னு உங்களை விட எனக்கு நல்லா தெரியும், நான் எழுதியே வெச்சிருக்கேன். சிட்னி கேட்ஸ்னு ஒரு டாக்டர் 1963ல ஒரு பட்டியல் போட்டார், நர்ஸுங்க எல்லாருக்கும் மனப்பாடம்: குளிக்கறது, உடுத்தறது, கழிவறைக்கு போறது, படுக்கைல இருந்து எந்திரிச்சு நாற்காலிக்கு மாறறது, சிறுநீர் மலத்தை அடக்கறது, சாப்பிடறது. இந்த ஆறும் பெரும்பாலும் ஒரு வரிசைலதான் கை விட்டுப் போகும், குளிக்கறதுதான் முதல்ல போகும், தானா சாப்பிடறது கடைசில போகும், பொறந்த குழந்தை கத்துக்கிட்டதுக்கு அப்படியே தலைகீழ். எனக்கு குளிக்கறது ஆட்டம் கண்டுடுச்சு. நின்னுட்டு ஒரு காலைத் தூக்கி பாதம் துடைக்க முடியாது. ஸ்டூல் போட்டு உக்காந்து குளிக்கறேன், பாத்ரூம் சுவர்ல கம்பி அடிச்சிருக்கேன், அது என் வீட்டுக்குள்ள, யார் பர்மிஷனும் தேவைப்படல. அந்தக் கம்பி வெச்ச நாள்ல இருந்து பாத்ரூம்ல ஒரு தடவை கூட வழுக்கல. பூட்டுல சாவி போட ரெண்டு கையும் வேணும் இப்ப. மாத்திரை அட்டையை கத்திரிக்கோலாலதான் வெட்டறேன். ஸ்டூல் மேல ஏறி பரண்ல எதுவும் எடுக்கறதை மூணு வருஷம் முன்னாடி நானே நிறுத்திட்டேன். ராத்திரி வெளிய போறதை நானே விட்டுட்டேன். கேஸ் சிலிண்டர் மாத்தறதுக்கு எதிர் வீட்டுப் பையனை கூப்பிடறேன். இதெல்லாம் நான் யோசிச்சு, எனக்கு வலிச்சு, நானா விட்டது. ஒவ்வொண்ணை விடும்போதும் அழுகை வந்திருக்கு, ஆனா முடிவு என்னோடது. நாளைக்கு படியும் விட வேண்டி வரும், அது எனக்குத் தெரியும், அந்த நாளையும் நானே சொல்றேன், ஒரு நோட்டீஸ் சொல்ல வேணாம்.

பிள்ளைங்க கையெழுத்து விஷயத்துக்கு வரேன். என் பொண்ணு வேற ஊர்ல இருக்கா, தினமும் பேசறா. சர்க்குலரை போட்டோ எடுத்து அனுப்பினேன். அவ என்ன சொன்னா தெரியுமா, "இதுல கையெழுத்து போட்டா நீ இனிமே என்னோட சாமான்னு எழுதிக் குடுக்கற மாதிரி இருக்கும்மா"ன்னா. நான் வரி கட்டறேன், ஓட்டு போடறேன், என் ஆபரேஷனுக்கு நானே சம்மதக் கையெழுத்து போட்டேன், இந்த வீட்டோட பத்திரம் என் பேர்ல இருக்கு, மெயின்டனன்ஸ் ஒரு மாசம் கூட பாக்கி வெச்சதில்ல. 40 வயசுக்காரர் ஒருத்தர் இதே படில விழுந்திருந்தா அவங்க அப்பாகிட்ட கடிதம் கேட்டிருப்பீங்களா? பல்பை மாத்தியிருப்பீங்க. பிள்ளைங்களே இல்லாதவங்க நம்ம கட்டடத்துல ரெண்டு பேர் இருக்காங்க, பிள்ளை இருந்தும் பேச்சு இல்லாதவர் ஒருத்தர் இருக்கார், அவர் யார்கிட்ட போய் கையெழுத்து வாங்குவார், அதை யோசிச்சீங்களா? ஐக்கிய நாடுகள் சபை 1991லயே முதியோருக்கான கோட்பாடுகள்னு 18 போட்டிருக்கு, சுயமா இருக்கறதுங்கற தலைப்புதான் அதுல முதல்ல வருது, முடிஞ்ச வரைக்கும் நீண்ட காலம் அவங்க சொந்த வீட்லயே இருக்க வழி இருக்கணும்னு அதுல இருக்கு. உங்க சர்க்குலர் அதுக்கு நேர் எதிர்ல நிக்குது.

எனக்கு இந்த விஷயத்துல இன்னொண்ணு ரொம்ப உறுத்துது. முடிவு எடுத்த அந்த மீட்டிங்ல 60 வயசு தாண்டினவங்க ஒருத்தர் கூட இல்ல. எங்களைக் கூப்பிடல. ரெண்டு பேர் கேட்டதுக்கு "உங்களுக்கு எதுக்கு சிரமம்"னு சொன்னீங்களாம். சிரமம் குடுக்கக் கூடாதுன்னு நெனச்சீங்க, நம்பறேன். ஆனா அந்த நெனப்பு எங்க கொண்டு போய் விடும்னு பாருங்க. 1976ல வெளியான ஒரு ஆராய்ச்சில, ஒரு முதியோர் இல்லத்துல ஒரு தளத்துல இருந்தவங்ககிட்ட உங்க ரூமை எப்படி அடுக்கணும்னு நீங்களே முடிவு பண்ணுங்க, எந்த நாள் படம் பாக்கணும்னு நீங்களே சொல்லுங்க, இந்தாங்க ஒரு செடி, நீங்களே பாத்துக்கோங்கன்னு சொன்னாங்க. இன்னொரு தளத்துக்கும் செடி குடுத்தாங்க, ஆனா தண்ணி நர்ஸ் ஊத்துவாங்க, எல்லாம் நாங்க பாத்துக்கறோம்னுட்டாங்க. மூணே வாரத்துல முதல் தளத்துக்காரங்க சுறுசுறுப்பா, சந்தோஷமா இருந்தாங்க, மத்தவங்க மங்கிப் போனாங்க. என் வீட்டுக்காரர் பட்டன் கதை அந்த ரெண்டாவது தளத்துக் கதைதான். நீங்க இப்ப எங்க 14 பேரையும் அந்த தளத்துல கொண்டு போய் வெக்கப் பாக்கறீங்க.

பயத்தைப் பத்தியும் சொல்லணும், உங்க பயத்தையும் என் பயத்தையும். ஒரு நாள் யாராவது படில விழுந்து செத்துப் போயிட்டா கமிட்டி மேல பழி வரும்னு நீங்க பயப்படறீங்க, அது நியாயமான பயம். எனக்கும் விழற பயம் இருக்கு, கட்டு பிரிச்ச முதல் வாரம் வாசலைத் தாண்டவே கால் வரல. ஆனா பயந்து பயந்து காலைத் தேச்சுத் தேச்சு நடக்கறவங்கதான் மறுபடி விழறாங்க, பயத்துல வெளிய போறதைக் குறைச்சு, கால் பலம் குறைஞ்சு, அதனாலயே விழறாங்க, அதை வருஷக் கணக்கா பாத்தவ நான். அதனால எட்டாவது நாள் எதிர் வீட்டம்மா துணையோட அதே படிக்குப் போனேன். அவங்க என் கையைப் பிடிக்க வந்தாங்க, வேணாம், ஒரு படி கீழ நில்லுங்க போதும்னேன். நின்னாங்க. இறங்கினேன். எனக்கு வேணுங்கற உதவி அந்த ஒரு படி கீழ நிக்கற உதவிதான்.

இப்ப நான் கேக்கறதை தெளிவா சொல்லிடறேன்.

அந்த சர்க்குலரை எழுத்துல வாபஸ் வாங்குங்க, குரூப்ல வாய்ஸ் மெசேஜ் போதாது. பொறுப்புக் கடிதம், கட்டாய ஆள், படி இறங்கத் தடை, மூணும் போகணும்.

எல்லா மாடிலயும் படிக்கு ரெண்டு பக்கமும் கைப்பிடி வையுங்க. ஒரு பக்கம் மட்டும் வெச்சா பக்கவாதம் வந்தவங்களுக்கு ஏறும்போது உதவும், இறங்கும்போது உதவாது, இல்ல இறங்கும்போது உதவும், ஏறும்போது உதவாது. அகலமான பலகை மாதிரி அழகுக்கு வெக்காதீங்க, கை முழுசா சுத்திப் பிடிக்கற உருண்டைக் கம்பி, மூணுல இருந்து நாலு சென்டிமீட்டர் தடிமன், சுவருக்கும் அதுக்கும் நடுவுல விரல் போற இடைவெளி. முதல் படிக்கு முன்னாடியும் கடைசிப் படிக்கு அப்புறமும் ஒரு அடி நீட்டி விடுங்க. நான் விழுந்தது கடைசிப் படில, கை தேடினது அந்த ஒரு அடிலதான். டைல்ஸ் ஓட்டைக்கு ஆகற செலவுல என் பங்கை இன்னிக்கே குடுக்கறேன், எங்க 14 பேர்ல ஒன்பது பேர் குடுக்கறேன்னு சொல்லியிருக்காங்க.

படிக்கட்டு பல்ப் எரியலேன்னு புக்ல எழுதினா 24 மணி நேரத்துல மாத்தணும். 60 வயசு கண்ணுக்குள்ள போற வெளிச்சம் 20 வயசுல போனதுல மூணுல ஒரு பங்குதான், உங்களுக்கு மங்கலா தெரியற இடம் எங்களுக்கு இருட்டு. ஒவ்வொரு படி விளிம்புலயும் மஞ்சள் பட்டை ஒட்டுங்க. அந்த பீரோவை இந்த வாரமே எடுக்கச் சொல்லுங்க, அந்த இடத்துல ஒரு நாற்காலி போடுங்க, கை வெச்ச நாற்காலி, அதை ஊனித்தான் எந்திரிக்க முடியும்.

லிஃப்ட் நிறுத்தறதா இருந்தா ரெண்டு நாள் முன்னாடி சொல்லணும், போன்ல மட்டும் போடாம எங்க கதவைத் தட்டி சொல்லணும். அந்த நேரத்துல மருந்து கிருந்து வேணும்னா யாரைக் கூப்பிடறதுன்னு ஒரு நம்பர் குடுங்க.

விருப்பப்பட்டவங்க மட்டும் ஒரு மாத்து சாவியை தனக்கு நம்பிக்கையானவங்ககிட்ட குடுத்து வெக்கட்டும், காலைல ஒரு தடவை "நல்லா இருக்கேன்"னு மெசேஜ் போடட்டும், பத்து மணிக்குள்ள வரலேன்னா போய் தட்டட்டும். விழுந்து தரையில மணிக்கணக்கா கிடக்கறதுதான் எலும்பு முறியறதை விட சில நேரம் மோசமா போகும், தண்ணி இல்லாம, உடம்பு குளுந்து, புண் வந்து. அதுக்கு இது போதும். நானும் எதிர் வீட்டம்மாவும் ரெண்டு வாரமா இதைப் பண்ணிட்டுத்தான் இருக்கோம், ஒரு நாள் நான் தூங்கிப் போயிட்டேன், 10.05க்கு கதவைத் தட்டினாங்க.

கமிட்டில எங்க ஆள் ரெண்டு பேர் இருக்கணும். எங்களைப் பத்தின எந்த முடிவா இருந்தாலும் எங்களை உக்கார வெச்சு, முகத்தைப் பாத்து, சத்தமா, ஒருத்தர் ஒருத்தரா பேசி எடுங்க, எங்கள்ல பாதிப் பேருக்கு காது மந்தம்.

அடுத்த மீட்டிங் வர்ற ஞாயித்துக்கிழமை நாலாவது மாடி ஹால்லன்னு போட்டிருக்கு, அன்னிக்கு மறுபடி லிஃப்ட் வேலை இருக்குன்னும் அதே நோட்டீஸ்ல கீழ போட்டிருக்கு. மீட்டிங்கை தரைத்தளத்துல கார் நிறுத்தற இடத்துல வையுங்க. நாங்க 14 பேரும் வர்றோம், நான் ரெண்டு மாடி இறங்கி வரணும், அதனால அந்த லேண்டிங் பல்பை மட்டும் சனிக்கிழமைக்குள்ள போட்டு விடுங்க.

இப்படிக்கு,
ரெண்டாவது மாடியில இருந்து, 78 வயசு, ஓய்வு பெற்ற நர்ஸ்